தமிழ்த்தாய் வாழ்த்து: பாடலும் பாடமும்

தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் மறவாத பாடல் ஒன்று உண்டெனில், அது பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்தே எனலாம். பிற்காலத்தில் தமிழ் நூல் எதையும் தொடாதவர்கூட அதன் மெட்டைக் கேட்டதும் தம்மையறியாது எழுந்து நிற்கக் காண்கிறோம். அத்தகைய பாடலைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது சிலருக்குப் பிழையாகத் தோன்றலாம். ஆயினும், அன்பு கொண்ட பொருளை ஆராயாது விடுதல் ஆசிரியப் பணிக்கு அழகாகாது.

எழுபதுகளின் இறுதியில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இப்பாடலை நான் கற்றேன். தகரக் கூரை வேய்ந்த பள்ளி அது, ஒலிபெருக்கி கிடையாது. ஆசிரியர் மேசைமேல் விரலால் தாளமிட்டு, அடியடியாகச் சொல்லித் தருவார். பாதிச் சொற்களுக்கு எங்களுக்குப் பொருள் தெரியாது. எனினும், பரிசளிப்பு விழா நாளில் பால்மரம் சீவித் திரும்பிய தாய்மார்கள் வேலியோரம் நின்று கேட்க, நாங்கள் நெஞ்சு நிமிர்த்திப் பாடினோம். என் தாயாரும் அங்கு நின்றதுண்டு. எழுத்தறியாத அவர், பாடல் முடியும்வரை தலையிலிருந்த துண்டைக் கையில் எடுத்து வைத்திருப்பார். இன்றும் அப்பாடலைக் கேட்கும்போது என் மனக்கண்முன் தோன்றுவது தமிழ்த்தாயின் திருவுருவம் அன்று, அந்தத் துண்டே.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், நூலகத்தில் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். 1891 ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையைத் தழுவியது. அதன் பாயிரத்தில் அமைந்த தமிழ்த் தெய்வ வணக்கமே நாம் பாடும் வாழ்த்து. படித்துக்கொண்டே வந்த நான் திடுக்கிட்டேன். நான் அறிந்த பாடலின் நடுவே, அறியாத அடிகள் நின்றன. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பாடிய ஒன்றை முழுமையாக அறியாதிருந்தேன் என்ற நாணம் அன்று என்னைப் பற்றியது.

மூலப்பாடலின் தொடக்கம் ஈராறு அடிகளாக அமைந்தது. முதல் ஆறடி ஓர் உருவகம். நிலத்தை ஒரு மங்கையாகவும், பரதக் கண்டத்தை அவள் முகமாகவும், தென்னாட்டை நெற்றியாகவும், திராவிட நாட்டைப் பொட்டாகவும் கண்டு, அப்பொட்டின் நறுமணமே தமிழ் என்கிறார் புலவர். அடுத்த ஆறடி ஓர் உவமை. உலகங்களையும் உயிர்களையும் படைத்துக் காத்து அழித்தாலும் இறைவன் மாறுபாடின்றி இருக்கின்றான். அதுபோல, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தன்னிடமிருந்து தோன்றிப் பலவாய்ப் பிரிந்த பின்னும் தமிழ் இளமை குன்றாது நிற்கிறது. வடமொழிபோல் மக்கள் வழக்கினை இழக்கவும் இல்லை. இவ்வியப்பே வாழ்த்தாக முடிகிறது.

தமிழக அரசு 1970 ஆம் ஆண்டு இப்பாடலை அரசு விழாக்களுக்கு உரியதாக ஏற்றபோது, முதல் ஆறடி முழுமையாகக் கொள்ளப்பட்டது. இரண்டாம் பகுதியில் ஏறத்தாழ ஐந்தடி நீக்கப்பட்டு, இறுதி வாழ்த்து மட்டும் முன்பகுதியோடு இணைக்கப்பட்டது. இதனைப் பற்றியே கருத்து வேறுபாடு நிலவுகிறது. பிற மொழியாரைப் புண்படுத்தாத பண்பாட்டுச் செயல் என்பர் ஒரு சாரார். புலவன் படைப்பைச் சிதைத்த செயல் என்பர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் பெரும்பாலும் மொழிப் பெயர்களைப் பற்றியே வழக்காடுகின்றனர். இலக்கிய நோக்கில் நேர்ந்த இழப்பு வேறிடத்தில் உள்ளது. நாம் பாடும் வடிவில் தமிழின் இளமையை வியக்கிறோம். அவ்வியப்புக்குரிய காரணம் பாடலில் இல்லை. நறுமணம் என்னும் உருவகம் புகழுக்குப் பொருந்தும். இளமைக்கு அது சான்றாகாது. பலவாய்ப் பிரிந்தும் குறையாத பரம்பொருள் என்னும் உவமையே இளமைக்கு அடித்தளம். தத்துவப் பேராசிரியராகத் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய ஒருவரின் சிந்தனை முத்திரை அவ்வுவமையில்தான் பதிந்துள்ளது. அதனை நீக்கியபின் எஞ்சுவது அழகிய வாழ்த்து. ஆயினும் காரணம் இழந்த வாழ்த்து.

அவ்வாறாயின் அவ்வடிகளை மீண்டும் சேர்த்துப் பாடுவோமா? ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு மாணவியின் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு முழுப் பாடலையும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் தெலுங்கு, மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகளும் பயில்வதை ஆசிரியர் அனைவரும் அறிவர். தெலுங்குக் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எங்கள் பாட்டி பேசும் மொழி தமிழுக்குப் பிள்ளையா?” என்று வினவினாள். “பாட்டில் அப்படித்தான் இருக்கிறது, அம்மா” என்று கூறி, அடுத்த அடிக்குச் சென்றுவிட்டேன். அவள் அமர்ந்தாள். மறுவாரச் சபைகூடலில் எல்லாரும் பாட, அவள் வாய் திறக்கவில்லை. நன்றாகப் பாடக்கூடிய பிள்ளை அவள்.

அன்று நான் கூறியது விடையன்று. பாட்டில் இருப்பதெல்லாம் மொழிநூல் உண்மை ஆகாது என்று கூறியிருத்தல் வேண்டும். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856 இல் வெளிவந்து, இம்மொழிகள் ஒரு குடும்பத்தின என்பதை நிலைநாட்டியது. சுந்தரம் பிள்ளை அவ்வுறவைத் தாய்மை என்னும் கற்பனையால் பாடினார். இன்றைய மொழியியலார் இவற்றையெல்லாம் தொல்திராவிடம் என்னும் பொது மூலத்திலிருந்து கிளைத்தவையாகக் கொள்கின்றனர். மலையாளம் பழந்தமிழுக்கு மிக நெருங்கியது. தெலுங்கோ மிக முற்காலத்திலேயே தனிக்கிளையாய்ப் பிரிந்தது. எனவே அம்மாணவியின் பாட்டி பேசும் மொழி தமிழின் உடன்பிறப்பேயன்றி மகள் அன்று. இதனைப் பின்னர் அவளிடம் கூறினேன். வகுப்பினர் முன்னிலையிலும் கூறினேன்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். நாம் பாடும் மெட்டை மோகன இராகத்தில் அமைத்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன், பாலக்காட்டு மண்ணில் பிறந்த மலையாளி. பாடி ஒலிப்பதிவு செய்தோர் டி.எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும். முன்னவர் மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்தினர். பின்னவர் விசயநகரத்துத் தெலுங்கர். பாடலை யாத்த சுந்தரம் பிள்ளையோ மலையாள நாட்டு ஆலப்புழையில் பிறந்து, திருவிதாங்கூரில் வாழ்ந்த தமிழர். பாடும் வடிவத்தில் தெலுங்கின் பெயரும் மலையாளத்தின் பெயரும் இல்லை. அவற்றைத் தாய்மொழியாக உடையோரின் இசையும் குரலும் உள்ளன. இதனைக் கேட்டு அவள் சிரித்தாள். அடுத்த சபைகூடலில் பாடினாள்.

நம் நாட்டில் மூன்றாவது கருத்தும் உண்டு. பரதக் கண்டத்தையும் தென்னாட்டையும் வரைந்து காட்டும் இப்பாடலில் மலாயா மண்ணில் தலைமுறைகளாக வாழும் நமக்கு இடமேது என்பது அக்கருத்து. அது புறக்கணிக்கத்தக்கதன்று. நம் மரபுக் கவிஞர் சீனி நைனா முகம்மது யாத்த தமிழ் வாழ்த்து நம் மேடைகளில் ஒலிப்பது மகிழ்ச்சிக்குரியது. புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசனின் பாடல் வாழ்த்தாக விளங்குவதும் ஈண்டு எண்ணத்தக்கது. தாய் ஒருத்தியாயினும் வாழ்த்து ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. ஆயினும், புதியதைப் பாடுவதற்காகப் பழையதை மறக்கச் செய்வோமாயின், வேலியோரம் நின்ற அன்னையரின் நினைவையும் சேர்த்தே இழப்போம்.

தமிழகத்தில் இப்பாடல் 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடிகளில் பாடவேண்டும் என்றும், பாடும்போது அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு விழாவில் திராவிட நாட்டைக் குறிக்கும் அடி விடுபட்டபோது பெருங்கண்டனம் எழுந்தது. ஓரடி விடுபட்டதைப் பொறாத நாம், ஐந்தடி விடுபட்டதை அரை நூற்றாண்டாக அறியாமலே பாடி வந்துள்ளோம். எழுந்து நிற்றலை ஆணையால் பெறலாம். பொருளறிதலை ஆசிரியரால் மட்டுமே பெற இயலும்.

எனவே என் துணிபு இதுவாகும். சபையில் பாடுவதற்குச் சுருங்கிய வடிவமே ஏற்றது. பலரும் கூடி ஒருகுரலாய்ப் பாடும் பாட்டில் ஒரு பிள்ளையேனும் வாய்மூடி நிற்குமாறு செய்தல் தகாது. வகுப்பறைக்கு உரியதோ முழுப்பாடல். அங்கே புலவனின் உவமையைச் சுவைக்கலாம். கற்பனையையும் மொழிநூல் உண்மையையும் பிரித்தறியலாம். அரசு எதை நீக்கியது, ஏன் நீக்கியிருக்கலாம் என்று வினவலாம். மாணவர் வினவுங்கால், அன்று நான் செய்ததுபோல் அடுத்த அடிக்கு விரையாதிருத்தல் ஆசிரியர் கடன்.

என் தாயார் இப்பாடலின் ஓரடிக்கும் பொருள் அறியாமலே மறைந்தார். அவர் காட்டிய மதிப்பில் குறையேதும் இல்லை. அவர் பெறாத பொருளை அவர் பேரப்பிள்ளைகள் வயதினரேனும் பெறுதல் வேண்டும் என்பதற்காகவே அவர் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார் என்று நம்புகிறேன்.