கரகமும் கழுத்தும்

கரகாட்டம் என்றதும் "அந்தக் காலத்துல தெய்வக்கலை, இப்பக் கெட்டுப்போச்சு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாரியம்மன் திருவிழாவில் குடங்கள் இரண்டு. பூசாரி எடுத்து வருவது சக்தி கரகம். நீர் நிறைத்து வேப்பிலை செருகியது, அதுவே அம்மன். அது வரும்போது தெருவே எழுந்து நிற்கும். இரவில் நையாண்டி மேளத்துக்கு ஆடுவது ஆட்டக் கரகம். உச்சியில் கிளி பொம்மை; ஆடுபவர் கை அதைத் தொடாது. முன்னது வழிபாடு, பின்னது பிழைப்பும்கூட. 'தெய்வக்கலை' என்ற ஒற்றைச் சொல் இந்தப் பிழைப்பை மறைத்துவிடுகிறது.

1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' இரண்டையும் ஒட்டவைத்த படம். பாட்டும் கேலியுமாய்ப் போய், முடிவில் பூக்குழிக்கு வருகிறது. இளையராஜாவின் இசையில் அந்தக் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கும். எனக்கு ஒரு குறை உண்டு: ஆட்டக்காரர்களுக்கு மரியாதை கிடைக்க அவர்களுடைய ஆட்டம் போதவில்லை, தீ மிதிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு திருவிழா இரவில், மேளக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுத்தை நீவிக்கொண்டிருந்தார் ஆடி முடித்த அக்கா ஒருவர். "சாமிக்குத்தானேக்கா ஆடுறீங்க?" என்றேன்.

"சாமி பேசாம பாக்குது தம்பி. சனந்தான் ரூவா நோட்டைக் காட்டிக் கூப்புடுது."

அதன்பிறகு 'கெட்டுப்போச்சு' என்று நான் சொல்வதில்லை. தெய்வக்கலை என்று எழுதுகிறவர்கள் அந்த இரவின் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டு எழுதினால் தேவலை.