தெல்லிப்பழைக்கு நடை, மட்டாஞ்சேரியில் பிரியாணி

நோயில் போன அப்பாவின் நினைவாக மகன் சைக்கிள் மிதித்துப் பணம் திரட்டுவது நம் பக்கத்து வழக்கமல்ல. திதிக்கு அன்னதானம் போடுவோம். கோயிலில் ஒரு நாள் பூசைக்கு எழுதி வைப்போம். கை தாராளமாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரில் ஒரு பரிசு. "நானூறு கிலோமீட்டர் மிதிக்கப்போகிறேன், நீ புற்றுநோய் நிதிக்கு ஏதாவது போடு" என்று நண்பனிடம் கேட்பது இங்கிலாந்தில் ஊறிய பழக்கம். அப்படி மிதிக்கக் கிளம்புகிறவர்களுக்குப் பிடித்த தடங்களில் கேரளமும் உண்டு, இலங்கையும் உண்டு. இரண்டு இடத்திலும் கடலோரம், தென்னை, மலை ஏறினால் தேயிலை. கேரளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஃபோர்ட் கொச்சியைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். பக்கத்திலேயே மட்டாஞ்சேரி. பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே எத்தனை கியர் வைத்த சைக்கிளாக இருந்தாலும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

ஆனால் சைக்கிள் மிதித்துக் காசு சேர்ப்பதை மலையாளிக்கோ தமிழனுக்கோ வெள்ளைக்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபது, எண்பதுகளில் கேரளத்துச் சிற்றூர்களில் 'சைக்கிள் யக்ஞம்' நடக்கும். நம் ஊர்களிலும் நடந்தது. ஒருவர் மைதானத்தில் கால் தரையில் படாமல் இரவும் பகலுமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். சைக்கிளிலிருந்து இறங்காமலே குளிப்பார், சாப்பிடுவார். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறும், ராத்திரியானால் ஆட்டம். ஊரார் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். அது அவருடைய வயிற்றுப்பாட்டுக்கு, எந்த நோயாளிக்காகவும் அல்ல. என்றாலும் உடம்பை வருத்திக்கொள்கிறவனைக் கண்டால் மடியை அவிழ்க்கும் மனசு அப்போதே இருந்தது.

இலங்கையில் அந்த மனசுக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை வாரக்கணக்கில் போகும் பாதயாத்திரை வடக்கும் கிழக்கும் நன்கறிந்த ஒன்று. 2011 ஜூலையில் ஆடை ஏற்றுமதித் துறையைச் சேர்ந்த நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் 'டிரெயில்' என்ற பெயரில் நடக்கத் தொடங்கினார்கள். தெற்கே தேவேந்திரமுனையில் புறப்பட்டு வடக்கே பருத்தித்துறை வரை, சுமார் 670 கிலோமீட்டர், 27 நாள். வழியில் சேர்ந்து நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இலக்கு ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை.

அந்த இடத்தின் கனம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போர்க்காலத்தில், 1990-க்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போவதை அரசு தடுத்தது. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிப் பார்த்தார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். விறகு, அரிசி மூட்டை, பிள்ளைத்தாச்சி, காய்ச்சல்காரர் எல்லாரும் அதன் கரியரில்தான் போனார்கள். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாதை திறந்திருந்தால் ஒரு நாள் பயணம், மூடியிருந்தால் பயணமே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களிடம் சைக்கிள் என்று சொன்னால் விளையாட்டா நினைவுக்கு வரும்? அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தவர்கள் அவர்கள். போர் முடிந்து இரண்டு வருஷத்தில் சிங்களவரும் தமிழரும் ஏ9 பாதையில் சேர்ந்து நடந்து, 2013-இல் தெல்லிப்பழையில் வைத்தியசாலை திறந்தது என்றால் அது வெறும் நிதி திரட்டலாக மட்டும் இருந்திருக்காது.

2016-இல் இரண்டாம் நடை. இம்முறை பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு, காலி காரப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. இதன் முகமாக நின்றவர்களில் ஒருவர் கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தன. மூளையில் வந்த புற்றுநோய்க்குப் பதினாறு வயதுத் தம்பியைப் பறிகொடுத்தவர். அதே ஆண்டில்தான் மகரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் மக்களிடம் கையேந்தியது. அதற்குப் பின்னால் இருந்தவர் மகனின் நோயோடு மல்லுக்கட்டிய ஒரு தந்தை. 20 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் சேர்ந்தது.

இந்த மூன்றிலும் பணம் ஒரு நோயாளியின் கைக்குப் போகவில்லை. கட்டடத்துக்குப் போனது, இயந்திரத்துக்குப் போனது. காரணம் எளிது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. இல்லாதது ஊரில் வார்டு, ஊரில் இயந்திரம். அதனால் திரட்டலும் எப்போதாவது ஒருமுறை, நாடு முழுக்க, பெரிய அளவில் நடக்கிறது.

கொச்சியில் கதை வேறு. அங்கே ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி உண்டு, களமசேரியில் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் உண்டு, தனியார் பெரு மருத்துவமனைகள் உண்டு. பஞ்சம் பில்லைக் கட்டுவதற்குத்தான். அரசுக் காப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. ஏழைகளின் சிகிச்சைக்கென்றே 'காருண்யா' என்று அரசே லாட்டரி நடத்திய மாநிலம் அது. அதற்கும் மேலே போகும் பில்லுக்கு ஊர்தான் கதி. மட்டாஞ்சேரி, கருவேலிப்படி, தோப்பும்படி பக்கம் ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் 'சிகில்சா சகாய சமிதி' என்று ஒரு குழு அமைகிறது. வார்டு கவுன்சிலர், பள்ளிவாசல்காரர், சர்ச்சுக்காரர், கட்சிக்காரர் ஆளுக்கொருவராக அதில் இருப்பார்கள். கூட்டாக ஒரு வங்கிக் கணக்கு, முக்கில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு.

பிறகுதான் விஷயம் சூடு பிடிக்கும். ஒரு நாள் அந்த வழியில் ஓடும் தனியார் பஸ் காருண்ய யாத்திரை போகும். அன்றைக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் பக்கெட்டோடு வருவார், பத்தோ நூறோ போடுவது உங்கள் இஷ்டம். டிரைவரும் கண்டக்டரும் அன்றைய கூலியை விட்டுக்கொடுப்பார்கள். இன்னொரு நாள் பிரியாணி விற்றுப் பணம் சேர்க்கும் 'பிரியாணி சேலஞ்ச்'. ஒரு வாரம் முன்பே வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்துவிடுவார்கள். விடியற்காலையில் கிளப் வாசலில் 'செம்பு' என்கிற பிரியாணி அண்டா அடுப்பில் ஏறும். ஒருவர் சோறு அள்ள, அடுத்தவர் கோழித்துண்டு வைக்க, மூன்றாமவர் சம்மந்தித் துவையலும் ஊறுகாயும் போட்டுக் கட்ட, பொட்டலங்கள் பைக்கில் ஏறி வீடு வீடாகப் போகும். மட்டாஞ்சேரிக்குப் பிரியாணியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆகவே ருசியில் குறை வைத்தால் அடுத்த முறை ஆர்டர் வராது! 2020-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ.யினர் மாநிலம் முழுக்கப் பழைய இரும்பும் பேப்பரும் பொறுக்கி விற்றும், இதைப்போல் சில்லறை வேலைகள் செய்தும் முதல்வர் நிவாரண நிதிக்கு 10 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். 2021-இல் கண்ணூர் மாவட்டம் மாட்டூலில் ஒரு குழந்தையின் மரபணு நோய்க்கு 18 கோடி ரூபாய் மருந்து வேண்டும் என்று கேட்டதற்குச் சில நாளில் 46 கோடியைத் தாண்டிப் பணம் கொட்டியது.

கொச்சியில் சைக்கிள் குழுக்களும் உண்டு. ஞாயிறு காலையில் வெலிங்டன் தீவு வழியாகப் பாலம் ஏறி மட்டாஞ்சேரிக்குள் வருகிறவர்கள், வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகில் சைக்கிளோடு வைப்பின் தீவுக்குக் கடக்கிறவர்கள். ஆனால் நம் நாட்டில் இத்தகைய சவாரிகள் பலவும் 'விழிப்புணர்வு' என்ற பதாகையோடு நின்றுவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம். புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது என்பது மட்டாஞ்சேரியில் யாருக்கும் தெரியாததல்ல. பதாகையில் எழுதியதை விடப் பக்கெட்டில் விழுந்தது உருப்படியான காரியம்.

அதற்காகக் கொச்சி வழிதான் உசத்தி என்று சொல்ல முடியவில்லை. போர்டில் போட்டோ வைக்கக் குழு வேண்டும், குழு அமைய ஊரில் ஆள்பலம் வேண்டும். வாடகை வீட்டுக்குப் போன மாதம் வந்தவருக்கு, வங்காளத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவருக்கு யார் செம்பு ஏற்றுவது? குழந்தையின் படத்துக்குக் கொட்டும் பணம் எழுபது வயதுக் கிழவரின் படத்துக்குக் கொட்டுமா? இலங்கை வழியில் இந்தப் பாரபட்சம் இல்லை. கட்டிய வார்டில் யாரும் படுக்கலாம். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தில்லாமல் வைத்தியசாலைகள் திண்டாடியபோது, கட்டடம் கொடுத்த கொடையாளர்களின் பெயர்ப்பலகை மருந்தாகிவிடவில்லை.

நினைவுக்குக் கட்டடம் எழுப்புவது நமக்கும் தெரிந்ததுதான். 1923-இல் தங்கையைப் புற்றுநோயில் இழந்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இடையில் முப்பது வருஷம். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்குப் பின்னால் 1931-இல் ரத்தப் புற்றுநோயில் போன மெஹர்பாய் டாடா இருக்கிறார். அவ்வளவு நீண்ட மூச்சு எல்லாருக்கும் வாய்க்காது. மாதம் நாற்பதாயிரம் சம்பளம் வாங்கும் மகனுக்குப் பணமும் இருக்காது.

அவனுக்குக் கேரளமே ஒரு வழி வைத்திருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை, சில ஆண்டுகளில் ஊர்க்காரர்களின் கைக்கு வந்தது. 2008-இல் மாநில அரசு அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது, இந்தியாவில் அதுதான் முதல். இன்று உள்ளாட்சிதோறும் வீடு தேடிப் போகும் நர்ஸ் இருக்கிறார். கடைகளில் உண்டியல் இருக்கிறது, ஜனவரி 15 அன்று ஆண்டு வசூல் நடக்கிறது. குணமாகாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட அப்பாவின் கடைசி மாதங்கள் வீட்டில்தான் கழிகின்றன. அங்கே ஸ்கேன் இயந்திரத்துக்கு வேலை இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, சிறுநீர்க் குழாய், மார்ஃபின் மாத்திரை, நர்ஸ் வரும் வண்டிக்கு டீசல் இவைதான் வேண்டும். இவற்றுக்கு மாதாமாதம் பணம் வேண்டும்.

ஆகவே அப்பாவின் திதிக்குச் சைக்கிள் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்பும் முன் உங்கள் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி தணிப்புப் பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். நேரில் போய், மாதக் கடைசியில் முதலில் தீர்ந்துபோவது எது என்று அங்கிருக்கும் நர்ஸிடம் கேளுங்கள். சேரும் பணத்தை அதற்குக் கொடுங்கள், பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து.