வந்தானா, வந்தாளா, வந்தாலா: தமிழ்க் கணினி மொழியியலின் இன்றைய நிலை

தொல்காப்பியத்தில் புணரியல் முடியும் இடத்தில் இரண்டு நூற்பாக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் இரு தொடர்கள் ஒலிக்கும் விதத்தால் வேறுபடும் என்கிறது ஒன்று. சொல்பவர் கருதிய பொருளைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும், எழுத்தை வைத்து இன்னதென்று அறுதியிட முடியாது என்கிறது மற்றது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் சான்று ‘செம்பொன்பதின்றொடி’. செம்பொன் பதின்தொடி என்றும் பிரிக்கலாம், செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிக்கலாம். தொடி என்பது நிறையளவு. பிரிக்கும் இடம் மாறினால் உலோகமும் மாறுகிறது, எண்ணும் மாறுகிறது. எழுத்துக்கு வெளியே ஒலியிலும் சூழலிலும் இருக்கும் இந்தத் தகவலை ஒரு கணினிக்கு எப்படிக் கொடுப்பது என்பதே மொழித் தொழில்நுட்ப ஆய்வின் நடுக்கேள்வி. தமிழைப் பொறுத்தவரை எழுத்துப் பக்கம் ஓரளவு வேலை நடந்திருக்கிறது. பேச்சுப் பக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

உலக அளவில் இத்துறை பேச்சு, எழுத்து என்று இரண்டு கிளைகளாகவே வளர்ந்தது. 1952இல் பெல் ஆய்வகம் உருவாக்கிய ‘ஆட்ரி’ என்ற பொறி, ஒருவர் சொல்லும் இலக்கங்களை அடையாளம் கண்டது. 1954இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டின. சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பு முழுவதும் கணினி வசமாகிவிடும் என்று அன்று நம்பினார்கள். கணினி மொழிபெயர்ப்பை மதிப்பிட்டு 1966இல் அமெரிக்காவில் வெளியான அல்பாக் அறிக்கை அந்த நம்பிக்கையை உடைத்தது, நிதியும் வற்றியது. எழுபதுகளில் ஐபிஎம்மில் பிரெடரிக் ஜெலினெக் குழுவினர் வேறு வழியில் சென்றார்கள். இலக்கணத்தை விதியாக எழுதித் தருவதை விட்டு, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைப் பெருந்தரவிலிருந்து கணக்கிட்டார்கள். 2017இல் வெளியான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கட்டமைப்பும், அதன்மேல் எழுந்த இன்றைய பெரிய மொழி மாதிரிகளும் அந்த வழியின் தொடர்ச்சியே. நடுவில் முறைகள் பல மாறினாலும், தரவு உள்ள மொழி முன்னே போகும் என்பது மட்டும் மாறவில்லை.

தமிழ் தன் முதல் ஆற்றலைக் குறியாக்கத்தில் செலவிட்டது. 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடு, 1999இல் சென்னை மாநாடு, 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமத்தின் தோற்றம், டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு முறை, கடைசியில் யூனிகோட். இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று திரையில் தமிழே இருந்திருக்காது. ஆனால் எழுத்து எந்த எண்ணில் அமர வேண்டும் என்ற விவாதத்தில் கழிந்த பத்தாண்டில், அந்த எழுத்தால் ஆன மொழியைத் திரட்டும் வேலை பின்தங்கிப்போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறியாக்கச் சிக்கலும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை, உருமாறி வந்திருக்கிறது. ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் அது 11 குறியீடு. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும், ஆக 33 பைட். அதே ஊரின் ஆங்கிலப் பெயருக்கும் 6 எழுத்துதான், 6 பைட்டில் அடங்கிவிடும். மொழி மாதிரிகள் உரையைப் பைட் அடிப்படையில் துண்டுகளாக்கிப் படிக்கின்றன. அந்தத் துண்டுகளைப் பெரும்பாலும் ஆங்கில உரையைப் பார்த்துத் தீர்மானித்த மாதிரியில் தமிழ்ச் சொல் சிதறிப்போகும், ஒரே செய்தியைச் சொல்லக் கூடுதல் துண்டுகள் செலவாகும். கட்டணமும் நேரமும் துண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும்போது அந்தச் சுமை தமிழில் எழுதுபவர் தலையில் விழுகிறது. புதிய மாதிரிகளில் இது குறைந்துவருகிறது.

எழுத்துத் தமிழில் ஆய்வாளர்கள் அதிகம் மோதிய இடம் சொல்லமைப்பு. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரே சொல்லில் வினையடி, எச்சம், தொடர்நிலை காட்டும் துணைவினை, காலம், பெயரெச்சம், பன்மை, வேற்றுமை, முற்றளவு என்று ஒரு வாக்கியத்தின் சரக்கே இருக்கிறது. இப்படி ஒரே வினையடியிலிருந்து ஆயிரக்கணக்கான வடிவங்கள் பிறக்கும் என்பதால் அகராதியில் அடுக்கிவைக்க வழியில்லை, பகுத்தே ஆக வேண்டும். நம் இலக்கண மரபு புணர்ச்சியைச் சேர்க்கும் திசையில் மிக நுட்பமாக விவரித்திருக்கிறது. கணினிக்குத் தேவைப்படுவது எதிர்த்திசை, சேர்ந்து கிடப்பதைப் பிரிப்பது. சேர்க்கும்போது ஒரே விடை வரும் இடத்தில் பிரிக்கும்போது மூன்று விடை வரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான ‘அட்சரம்’ பகுப்பாய்வியும், சென்னை ஏ.யூ-கே.பி.சி ஆய்வு மையத்தின் பணிகளும், இலங்கையில் கெ. சர்வேஸ்வரன் முன்னெடுத்த ‘தமிழிமார்ஃப்’ கருவியும் இந்தச் சிக்கலை எதிர்கொண்டவை. தமிழிமார்ஃப் திறந்த மூலமாக வெளிவந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவர் எழுதிய விதிகளை இன்னொருவர் திருத்தி வளர்க்க முடிந்தால்தான் இந்தத் துறை நகரும். ஆய்வு முடிந்ததும் கருவி காணாமல்போவதை நாம் அதிகம் பார்த்துவிட்டோம்.

சொல்லைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தால் தரவு சட்டென்று சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்தில் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கையால் குறித்த தமிழ்த் தொகுப்புகளில் பெரிதும் பயன்பட்டுவருவது பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி உருவாக்கியது. செய்தி உரைகளிலிருந்து எடுத்த 600 வாக்கியங்கள் அதில் உள்ளன. பின்னர் வந்த மற்றொரு தொகுப்பில் 534 வாக்கியங்கள். அவை தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகள். இதே வகையில் ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு தொகுப்பில் 16,000க்கும் மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்புக்கு வந்தால், இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அரசு ஆவணங்களுக்காகச் சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு முறைமை ஒன்றை உருவாக்கியது. தன் தாய்மொழியில் அரசுக் கடிதத்தைப் படிக்கும் உரிமையோடு தொடர்புடைய வேலை அது. தமிழ் மொழிபெயர்ப்பு ஆய்வு இந்தத் தேவையைவிட ஆங்கிலத்தையே அதிகம் சுற்றிவந்திருக்கிறது என்பது என் குறை.

இனி பேச்சு. எழுத்தைப் படித்து ஒலிக்கும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துமுறை ஒரு வகையில் உதவி, ஒரு வகையில் தொல்லை. ஒரே ‘க’ சொல்முதலில் வல்லொலி, மெல்லெழுத்தின் பின் மெலிந்த ஒலி, உயிர்களுக்கு நடுவே மேலும் தேய்ந்த ஒலி. தமிழ்ச் சொற்களுக்கு இதை விதியாக எழுதிவிடலாம். ‘காந்தி’, ‘பஸ்’ என்று வந்த சொற்களில் விதி உடைகிறது, விதிவிலக்குப் பட்டியல் நீள்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தி குழுவினர் அசையை அலகாகக் கொண்டு இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் தமிழ் எழுத்துணரியையும் பேச்சொலியையும் ஒருங்கே வளர்த்தது. அதன் எழுத்துணரி, அச்சு நூல்களைப் பார்வையற்றோருக்கான பிரெயிலாக மாற்றவும் பயன்பட்டிருக்கிறது. இத்துறையின் மிக உருப்படியான பயன்களில் ஒன்றாக இதை வைப்பேன்.

பேச்சைக் கேட்டு எழுதுவது இதைவிடக் கடினம். நாம் எழுதும் தமிழை யாரும் பேசுவதில்லை என்பதால் சிக்கல் முதல் படியிலேயே எழுகிறது. பேச்சில் ‘வந்தான்’ என்பதன் இறுதி னகரம் தனியாக ஒலிக்காது, முன்னுள்ள ஆகாரம் மூக்கொலியாகி நிற்கும். ‘வந்தாள்’ ளகரத்தை இழந்து ‘வந்தா’ ஆகிறது. ‘வந்தால்’ என்பதும் லகரத்தை இழந்து அதே ‘வந்தா’. மூக்கொலி உயிரைக் குறிக்க நம் எழுத்தில் அடையாளம் கிடையாது. எனவே ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினால் ஆணும் பெண்ணும் நிபந்தனையும் ஒரே வடிவில் வந்து நிற்கும். இலக்கணப்படி திருத்தி எழுதினால், ஒலிக்காத எழுத்தை ஒலித்ததாகக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தாகிறது. ‘வந்துட்டிருக்கேன்’, ‘வந்துகிட்டிருக்கேன்’, யாழ்ப்பாணத்தின் ‘வந்துகொண்டிருக்கிறன்’ மூன்றையும் ஒரே எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவருவதா, தனித்தனியே விடுவதா? இதற்குப் பலரும் ஏற்ற கையேடு இல்லாததால் ஒவ்வொரு தொகுப்பும் தன் போக்கில் முடிவெடுக்கிறது. ஒன்றில் பயின்ற மாதிரி இன்னொன்றில் தடுமாறுகிறது.

மதிப்பிடும் அளவுகோலும் தமிழுக்குப் பொருந்தவில்லை. பேச்சறிதலின் தரத்தைப் பிழையான சொற்களின் விகிதத்தால் அளக்கிறார்கள். மூல உரையில் ‘வந்துகொண்டிருந்தான்’ என்று ஒரே சொல்லாக இருக்க, கணினி ‘வந்து கொண்டிருந்தான்’ என்று இடம்விட்டு எழுதினால், ஒரு சொல் மாறியதற்கு ஒன்று, ஒரு சொல் கூடியதற்கு ஒன்று என இரண்டு பிழை கணக்காகும். ஒரு சொல்லுக்கு இரண்டு பிழை என்றால் 200 விழுக்காடு. கணினி கேட்டதில் ஒரு தவறும் இல்லை. தமிழில் எழுத்து அளவிலான பிழை விகிதத்தையும் சேர்த்துக் காட்டாத ஆய்வை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

பேச்சுத் தரவகங்களில் நெடுங்காலம் வாசிப்பே மிகுந்திருந்தது. இந்திய அறிவியல் கழக ஆய்வகம் வெளியிட்ட 150 மணி நேரத் தொகுப்பும், மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் தந்த குரல்களும் எழுதிய வாக்கியத்தைப் பார்த்துப் படித்தவை. இயல்பான தொலைபேசி உரையாடலைத் தமிழில் பெரிய அளவில் பதிவுசெய்தது ‘பேபல்’ என்ற அமெரிக்கத் திட்டம். அதற்கு நிதி தந்தது அந்நாட்டு உளவுத்துறையின் ஆய்வுப் பிரிவு. எந்த மொழி உரையாடலிலும் தேடும் சொல்லை விரைவில் கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கம். நம் பேச்சைத் திரட்டும் அவசரம் நமக்கு முன்பே பிறருக்கு வந்ததை எண்ணும்போது மனம் நோகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழு 2024இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. இந்திய அரசமைப்பின் அட்டவணை மொழிகள் 22இலும் வாசிப்போடு, தன்போக்கில் பேசியதையும் உரையாடலையும் அது சேர்த்தது. பாரதி ராஜா சக்ரவர்த்தி குழுவினர் 2020இல் யூடியூப் கருத்துகளிலிருந்து திரட்டிய 15,744 பதிவுகளையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஆங்கிலம் கலந்து, பெரும்பாலும் ரோமன் எழுத்தில், பேசுவதுபோலவே எழுதப்படும் தமிழை ஆய்வுப் பொருளாக ஏற்ற தொகுப்பு அது.

இவற்றிலும் வட்டார வழக்குகளின் பங்கு மெலிந்தே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு மீனவர் பேச்சு, கொங்குப் பேச்சு, மட்டக்களப்பு, மலையகத் தோட்டங்கள், கோலாலம்பூர்த் தெரு எல்லாம் குரலாகவும் எழுத்தாகவும் ஒருங்கே பதிவாக வேண்டும். ஒலிப்பதிவு எளிது, கேட்டு எழுதுவதே உழைப்பு. ஒரு மணி நேரப் பேச்சை எழுதப் பல மணி நேரம் பிடிக்கும், அந்த வழக்கு தெரிந்தவர்தான் எழுதவும் முடியும். இந்த வேலை இன்று பெரும்பாலும் துண்டு வேலையாக, பெயரில்லாதவர்களால் நடக்கிறது. நம் தமிழ்த் துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் ஒரு மாணவர் தன் ஊர்ப் பேச்சை ஐம்பது மணி நேரம் பதிவுசெய்து, பேசியவர்களின் ஒப்புதலோடு எழுத்தாக்கி, எந்தக் கொள்கைப்படி எழுதினேன் என்ற கையேட்டையும் இணைத்துத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், அதையே முனைவர் பட்ட ஆய்வேடாக ஏற்க விதி திருத்தப்பட வேண்டும். வட்டார வழக்கை விவரிக்கும் பயிற்சி அத்துறைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கணினித் துறை மாணவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய ஒரு கூட்டு வழிகாட்டுநர் முறையும் தொகுப்பை வைத்துக் காக்க ஒரு பொதுச் சேமிப்பகமும் போதும்.