கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய படங்கள்

ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘கன்டேஜியன்’ (2011) தொடங்கும்போது திரையில் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்கிறது. அதன் பிறகுதான் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் க்வினெத் பேல்ட்ரோவின் முகமும் ‘இரண்டாம் நாள்’ என்ற எழுத்தும் வருகின்றன. பெயர் பெற்ற நடிகர்களை வரிசையாக வைத்திருக்கும் ஒரு ஹாலிவுட் படம், தன் முதல் விநாடிகளை வானொலி நாடகமாகவே நடத்தியிருக்கிறது. நோய்ப்பரவல் படங்களில் இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. காதுக்குத்தான் அது முதலில் வந்து சேர்கிறது: இருமலாக, நள்ளிரவுத் தொலைபேசியாக, பக்கத்துத் தெருவிலிருந்து வரும் பேச்சாக.

இவ்வகைப் படங்களை எடைபோட எனக்கு அளவுகோல் கிடைத்தது இங்கேதான். முன்பு வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். திரைப்படத்தின் ஒலியை மட்டும் சுருக்கிக் கேட்க வைப்பார்கள்; படத்தைப் பார்க்காதவர்களும் அழுவார்கள், சிரிப்பார்கள். ஒரு நோய்ப்பரவல் படத்தை அப்படி ஒலிச்சித்திரமாக்கிக் கேட்டால் என்ன மிஞ்சும்? நோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது காதில் விழுமா, வெடிச்சத்தமும் ஹெலிகாப்டர் இரைச்சலும் மட்டும்தான் விழுமா? பள்ளியில் பிள்ளைகளை வைத்து வானொலி நாடகம் போட நினைக்கும் ஆசிரியர் எந்தப் படத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பதற்கும் இதே கேள்விதான் விடை சொல்கிறது.

அதற்கு முன் ஒரு தயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். மனிதர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும் கதையை ரசிப்பது சரிதானா? அதுவும் 2020க்குப் பிறகு? ரசிப்பது தவறில்லை என்றே நினைக்கிறேன். 2021இல் கோல்டன் ஸ்கிரிவ்னரும் அவருடன் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் கொரோனாவின் தொடக்க மாதங்களில் மனத்தளவில் குறைவாகத் தளர்ந்ததாகத் தெரியவந்தது. உலகம் சரியும் கதைகளை விரும்புகிறவர்கள் வந்த நிலைமைக்குக் கூடுதல் ஆயத்தத்துடன் இருந்ததாகவும் அது சொன்னது. அதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். ஆய்வில் பங்கேற்றவர்கள் சுமார் 310 பேர்தான். அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதுதான் தரவு. படம் பார்த்ததால் மனம் உறுதியானதா, உறுதியான மனம் உள்ளவர்கள்தான் அப்படங்களைத் தேடிப் போகிறார்களா என்பதையும் அது முடிவு செய்யவில்லை. ஆனாலும் அச்சத்தைப் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பதில் பயன் உண்டு என்ற எண்ணத்தை அது மறுக்கவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தப் படங்கள் தரும் இன்பம் சாவில் இல்லை, துப்புத்துலக்குவதில் இருக்கிறது. ஒரு கோப்பை, ஒரு கைகுலுக்கல், ஒரு பேருந்துப் பயணம் என்று பின்னோக்கிப் போய் முதல் கண்ணியைப் பிடிக்கும் இன்பம் அது. அதைத் தராமல் வெறும் சாவை மட்டும் தரும் படம் தன் கடமையில் தவறியது.

வுல்ஃப்கேங் பீட்டர்சனின் ‘அவுட்பிரேக்’ (1995) இந்த வகையில் மிகவும் பேசப்பட்ட படம். டஸ்டின் ஹாஃப்மன், மார்கன் ஃப்ரீமன், டொனால்ட் சதர்லேண்ட் நடித்தது. ‘மொடாபா’ என்ற கற்பனைக் கிருமி ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குரங்கு வழியாகக் கலிஃபோர்னியாவின் சிற்றூருக்கு வருகிறது. இதில் ஒரு காட்சி உண்மையிலேயே உயர்ந்தது. நோய் தொற்றிய ஆய்வகப் பணியாளர் திரையரங்கில் உட்கார்ந்து இருமுகிறார். கேமரா அந்தத் துளிகளோடு மிதந்து, சிரித்துக்கொண்டிருக்கும் வாய்களுக்குள் போகிறது. அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் பின்வரிசை நினைவுக்கு வந்திருக்கும். பரவலை ஒரே மூச்சில் விளக்கிவிடுகிற காட்சி அது.

மற்றபடி படம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. ஊரையே குண்டு போட்டு அழிக்கத் துடிக்கும் தளபதி, வானத்தில் துரத்தல், கடைசி நிமிடத்தில் திசை மாறும் விமானம். நோய்க்கு மூலமான குரங்கைப் பிடித்ததும் சில மணி நேரத்தில் மருந்து தயாராகி, சாகக் கிடந்தவர் எழுந்துவிடுகிறார். ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்ததாகக் காட்டப்படும் அந்தக் குரங்கே கபுசின் இனம். அது வாழ்வது அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும். இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிடலாம். விட முடியாதது, நோய் எப்படி அடங்குகிறது என்பதில் படம் சொல்லும் பொய். அது வெளியான 1995ஆம் ஆண்டிலேயே அன்றைய ஜயர் நாட்டின் கிக்விட் நகரில் எபோலா பரவியது. நோய் கண்ட 315 பேரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இறந்தார்கள். அதை அடக்கியது அற்புத மருந்து இல்லை. கையுறை, மேலங்கி, நோயாளியைத் தனியே வைத்தல், தொடர்பில் வந்தவர்களைத் தேடுதல், சடலத்தைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தல். ‘அவுட்பிரேக்’கை ஒலிச்சித்திரமாகக் கேட்டால் இவற்றில் எதுவும் காதில் தங்காது. விறுவிறுப்பான படம்தான், நோயைப் பற்றிய படம் என்ற தகுதியில் பாதிதான் தேறுகிறது.

‘கன்டேஜியன்’ வந்த அதே 2011இல், சில வாரங்கள் கழித்து, தமிழில் ‘ஏழாம் அறிவு’ தீபாவளிக்கு வந்தது. 2020இல் பலரும் இதைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடினார்கள். நான் உடன்பட மாட்டேன். நாய்க்கு ஊசி போட்டு நோயைப் பரப்பும் அயல்நாட்டு எதிரி ஒருவன் கிடைத்த உடனே, ‘எப்படிப் பரவுகிறது’ என்ற கேள்வி ‘யார் செய்தது’ என்று மாறிவிடுகிறது. எதிரியை அடித்தால் நோயும் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை, உண்மையான நோய்க்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்க வைக்கும் நம்பிக்கை. இந்த அளவுகோலில் படம் தேறவில்லை.

‘கன்டேஜியன்’ தேறுகிறது. ஸ்காட் பர்ன்ஸ் எழுதிய திரைக்கதைக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிருமியியலாளர் இயன் லிப்கின் ஆலோசகராக இருந்தார். படத்தின் கற்பனைக் கிருமிக்கு முன்மாதிரியாக இருந்தது நிபா. 1998, 1999 ஆண்டுகளில் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் பரவி 265 பேரைப் பிடித்து, 105 பேரைக் கொன்ற நோய் அது. பழந்தின்னி வௌவால், பன்றி, மனிதன் என்ற அந்த உண்மையான பாதையைத்தான் படம் தன் கடைசிக் காட்சியில் சொல்கிறது. காடு அழிகிறது, வௌவால் இடம் பெயர்கிறது, அது தவறவிட்ட வாழைத்துண்டைப் பன்றி தின்கிறது, பன்றியை வெட்டிய சமையற்காரர் கையைக் கழுவாமல் ஒரு பெண்ணிடம் கை குலுக்குகிறார். திரையில் ‘முதல் நாள்’ என்று எழுத்து வருகிறது. இரண்டாம் நாளில் தொடங்கிய படம் முதல் நாளில் முடிவதால், ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் நாம் அந்த விடுபட்ட கண்ணியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது விளங்குகிறது. கட்டமைப்பே கருத்தாகிவிட்ட திரைக்கதை இது.

இதன் இன்னொரு துணிவு, வசனத்தை நம்பியது. கேட் வின்ஸ்லெட் நடித்த மருத்துவர் வெள்ளைப் பலகையில் எழுதி, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருவார் என்று விளக்குகிறார். பருவகாலக் காய்ச்சலுக்கு ஒன்று, பெரியம்மைக்கு மூன்றுக்கு மேல், தடுப்பூசிக்கு முந்தைய போலியோவுக்கு நான்கிலிருந்து ஆறு. ஒரு வகுப்பறைப் பாடம் அப்படியே பதற்றமான காட்சியாக மாறிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தக் காட்சி ஓர் அணுவும் குறையாது.

குறைகள் இல்லாமல் இல்லை. அதே மருத்துவர் ஒரு மனிதன் நாளொன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை முகத்தைத் தொடுகிறான் என்கிறார். 2015இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்கள் 26 பேரைக் கவனித்து எண்ணியபோது மணிக்கு 23 முறை என்றுதான் வந்தது. விழித்திருக்கும் நேரம் முழுவதற்கும் கூட்டினாலும் நானூறைத் தொடாது. ஹாங்காங்கில் ஓர் அதிகாரி கடத்தப்படும் கிளைக்கதை படத்தின் வேகத்தைக் கெடுக்கிறது. முதல் நோயாளியைக் கணவனுக்குத் துரோகம் செய்தவளாக வைத்ததில், நோயைப் பாவத்தின் கூலியாகப் பார்க்கும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு அறிவோடு எழுதியவர்களிடம் அதை நான் எதிர்பார்க்கவில்லை. படம் முழுக்க ஒரு குளிர்ச்சியும் உண்டு. இறப்பவர்களைப் புரிந்துகொள்கிறோம், அவர்களுக்காக அழ நேரம் கிடைப்பதில்லை.

அந்த இடத்தை நிரப்புவது ஆஷிக் அபு இயக்கிய மலையாளப் படமான ‘வைரஸ்’ (2019). 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா பரவி 17 பேர் இறந்த நிகழ்ச்சி அதன் அடிப்படை. பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோயாளியைக் கவனித்ததால் தொற்றி இறந்ததும், சாகும் முன் கணவருக்கு எழுதிய கடிதமும் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. ரீமா கல்லிங்கல் நடித்த பாத்திரம் அவரை நினைத்து எழுதப்பட்டது. ஆனால் படம் அவரைத் தியாகச் சிலையாக்கி நிறுத்தவில்லை. பார்வதி நடித்த மருத்துவர் குறிப்பேட்டோடு வீடு வீடாகப் போகிறார். இவர் எந்த நாள், எந்த வராந்தாவில், யார் பக்கத்தில் இருந்தார்? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். உயிரியல் ஆயுதமாக இருக்குமோ என்ற அதிகாரிகளின் சந்தேகத்தையும் படம் மறைக்கவில்லை; பொறுமையான விசாரணை அதை உதிர்த்துவிடுவதைக் காட்டுகிறது. ‘ஏழாம் அறிவு’ நின்றுவிட்ட இடத்தைத் தாண்டி ‘வைரஸ்’ நடந்து போகிறது. பாத்திரங்கள் மிகுந்துபோய் முதல் பாதியில் யார் யாரென்று தடுமாற வைப்பது இதன் பெரிய குறை. ஒலிச்சித்திரமாகக் கேட்டால் அந்தத் தடுமாற்றம் இரட்டிப்பாகும். படம் 2019 ஜூனில் வெளியான அதே வாரத்தில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா உறுதியானது, அவர் பிழைத்துக்கொண்டார். முன்னாண்டு கற்ற தடம்பிடிக்கும் முறை அப்போதும் கைகொடுத்தது.

இனி காதுக்கு வருவோம். வானொலி நாடக வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட ஒலிபரப்பு, 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழு நிகழ்த்திய ‘உலகங்களின் போர்’. நாடகத்தை உண்மைச் செய்தி என்று நம்பி அமெரிக்காவே பீதியில் ஓடியது என்ற கதையைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியதாக இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு. முதலாவது, அந்த நாடகத்தில் பூமி மீது படையெடுத்து வரும் செவ்வாய்வாசிகளைச் சாகடிப்பது பீரங்கி இல்லை, பூமியின் நுண்ணுயிர்கள். இரண்டாவது, அதன் தொழில்நுட்பம். இசை நிகழ்ச்சி நடுவே செய்தி குறுக்கிடுகிறது. களத்திலிருந்து பேசும் நிருபரின் குரல் பாதியில் அறுந்து, சில விநாடி ஒலியே இல்லாமல் போகிறது. அந்த நிருபராக நடித்த ஃபிராங்க் ரெடிக், 1937இல் ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் எரிந்ததை நேரில் பார்த்துக் கதறிய அறிவிப்பாளரின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் குரலைத் தயார் செய்தார். கனடாவில் புரூஸ் மெக்டொனால்ட் எடுத்த ‘பான்டிபூல்’ (2008) இந்த மரபில் வந்தது. பேச்சின் வழியே தொற்றும் நோய் ஒன்று ஊரைப் பிடிக்கிறது. தொடக்கக் காட்சியைத் தாண்டினால் நாம் வானொலி நிலையத்தை விட்டு ஏறத்தாழ வெளியே போவதே இல்லை. நிலையத்தின் ஹெலிகாப்டர் நிருபர் உண்மையில் குன்றின் மேல் காரில் உட்கார்ந்து ஹெலிகாப்டர் ஒலியைப் போட்டுக்கொண்டு பேசுகிறவர். இதே கதை வானொலி நாடகமாகவும் வந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை.

பள்ளிப் பிள்ளைகளிடம் நோய்ப்பரவல் நாடகம் எழுதச் சொன்னால் முதலில் வருவது ‘அவுட்பிரேக்’தான். நான் உடனிருந்த ஒரு வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது. ஆய்வகத்தில் வில்லன், உடைந்த குப்பி, அலறல், சைரன். வாசித்துப் பார்த்தபோது அலறல் எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. மூன்றாவது அலறலில் மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். திரையில் கூட்டத்தைக் காட்டி ஒப்பேற்றிவிடலாம். மைக் முன்னால் முடியாது. ஒவ்வொரு குரலுக்கும் பெயர் வேண்டும், வேலை வேண்டும், அவர் எங்கிருந்து வந்தார் என்பது வேண்டும். அப்போதுதான் ஒரு மாணவி கேட்டாள், ‘சார், இவருக்கு எப்படி வந்துச்சு?’ அந்தக் கேள்விக்குப் பின் கரும்பலகையில் பெயர்களும் அம்புக்குறிகளும் வந்தன. வில்லன் தானாகவே கதையை விட்டுப் போனான். ‘கன்டேஜியன்’ குழுவுக்கு ஓர் ஆலோசகர் சொல்லிக்கொடுத்ததைக் குரல் மட்டுமே உள்ள ஊடகம் அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகக் கற்றுக்கொடுத்தது.

வானொலி நாடகத்துக்கும் அதற்கே உரிய நோய் உண்டு: உபதேசம். கதை முடிந்த பிறகு ஒரு குரல் வந்து ‘கைகளைக் கழுவுவோம், நோயை வெல்வோம்’ என்று முழங்கினால், கேட்டவர்களுக்கு முழக்கம்தான் நினைவிருக்கும், நாடகம் மறந்துவிடும். வரைபடத்தையும் எண்ணிக்கையையும் காட்ட முடியாதது இன்னொரு இழப்பு. அதற்காகக் கதைசொல்லி ஒருவரை வைத்து எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்ல வைப்பது சோம்பேறித்தனம். தொலைபேசி உரையாடல், ஆட்டோவில் போகும் ஒலிபெருக்கி அறிவிப்பு, செவிலியர் படித்துக் குறிக்கும் பெயர்ப்பட்டியல் போதும்.

என் தீர்ப்பு இதுதான். நோயைப் புரிந்துகொள்ள ‘கன்டேஜியன்’ முதலிடம். நோயாளியையும் அவரைத் தொட்டுப் பராமரித்தவரையும் புரிந்துகொள்ள ‘வைரஸ்’. ‘அவுட்பிரேக்’கை அந்தத் திரையரங்கு இருமலுக்காக ஒருமுறை பார்க்கலாம். பள்ளியில் நாடகம் போடுகிறவர்கள் பின்பற்ற வேண்டியது ‘வைரஸ்’ படத்தின் விசாரணையை, அதன் பாத்திரக் கூட்டத்தைக் குறைத்து. ஆசிரியர்களே, ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகத்தை மேடையேற்றுவதோடு இன்னொன்றைப் பதிவும் செய்யுங்கள். ஒரு கைப்பேசி, எதிரொலியை அடக்கப் போர்வை கட்டிய ஓர் அறை, ஐந்தாறு குரல்கள், பதினைந்து நிமிடம். வில்லன் வேண்டாம். முதல் வரியை ஓர் இருமலுக்கு விட்டுவிடுங்கள்.