காக்காயையும் எழுதுங்கள்

செல்போனில் ‘ஈ-பேர்ட்’ வைத்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் 2002-ல் துவக்கியது. இலவசம். பட்டியலை அனுப்பும்முன் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? எனக்குப் பிடித்ததே இந்தக் கேள்விதான். ‘ஆமாம்’ என்றால், நீங்கள் எழுதாத பறவை அன்று தட்டுப்படவில்லை என்பதும் கணக்கில் ஏறிவிடுகிறது. நம்மாட்களோ பூநாரையைப் பதிந்துவிட்டுக் காக்காயை விட்டுவிடுகிறார்கள். நாளைக்குக் காக்கா குறைந்தால் எதை வைத்துச் சொல்வது?

அதே ஆய்வகத்தின் ‘மெர்லின்’ 2021-ல் குரலைக் கேட்டே பெயர் சொல்லக் கற்றுக்கொண்டது. இப்போது நம்மூர்ப் பறவைகள் பலவும் அதற்குத் தெரியும். சமர்த்துதான். ஆனால், துடுப்புவால் கரிச்சான் பலகுரல் மன்னன். வல்லூறு மாதிரியே கத்தும். போன் சொல்கிறதே என்று அண்ணாந்துகூடப் பார்க்காமல் பதிகிறார்கள். அரிதான பறவை என்றால் உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் மெயிலில் விவரம் கேட்பார். அவருக்கு என்னவென்று பதில் போடுவீர்கள், ஸார்?