அழிக்கச் சொன்னால் எதை அழிக்கிறது?

ஆரணி, கலசப்பாக்கம் வட்டாரத்துப் பட்டுத்தறியில் முந்தி டிசைன் ஒன்றைக் கழிப்பதென்றால் ஜக்கார்டு அட்டைக்கட்டை யாராவது சுமந்துபோய்ப் போட வேண்டும். மின்னணு ஜக்கார்டு வந்த இடங்களில் அதே டிசைன் வெறும் கோப்பு. பழையதைக் கழிக்க எழுதிய சின்ன நிரல் இயங்குதளத்தை ஒரு வரியில் அழைத்தால் போதும்.

அந்த வரி என்ன செய்கிறது என்பதில்தான் வில்லங்கம். லினக்ஸின் ‘அன்லிங்க்’ கோப்புறையிலிருந்து பெயரை மட்டுமே எடுக்கிறது. வேறொரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் உள்ளடக்கம் அப்படியே இருக்கும். அருமையான ஏற்பாடு இது. ஓடும் நிரலை நிறுத்தாமலே அதன் கோப்புகளைப் புதுப்பிக்க முடிவது இதனால்தான். ஆனால் தறிக் கணினி கோப்பைத் திறந்திருக்கும்போது அழித்தால், நெய்துகொண்டிருக்கும் சேலை சிக்கலின்றி முடியும். அடுத்த சேலைக்குத் திறக்கும்போதுதான் டிசைன் இல்லையென்று தெரியும். போதாக்குறைக்கு, ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிய கோப்பும் தப்பாது. பார்க்கப்படுவது கோப்புறையில் எழுதும் உரிமைதான்.

விண்டோஸின் ‘டெலீட்ஃபைல்’ வேறு குணம். பிறர் திறந்து வைத்திருக்கும் கோப்பென்றால் பெரும்பாலும் பிழை எண் 32 என்று மறுத்துவிடும். நிரலாளர்கள் இதைத் திட்டாத நாளில்லை. தறிக்கூடத்துக்கு எனக்கு இந்த முரண்டுதான் பிடிக்கிறது: தவறு அப்போதே தெரிகிறது.

இரண்டுக்கும் பொதுவான குறை பெரிது. இரண்டுமே குப்பைத்தொட்டி வழியே போவதில்லை. விண்டோஸில் அதற்கு ‘ஐஃபைல்ஆபரேஷன்’ என்ற தனி இடைமுகம் உண்டு. எழுதக் கூடுதல் வேலை என்பதால் அவசரக்காரர் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆபத்தான வழியைச் சுலபமாகவும் பத்திரமான வழியைச் சுற்றாகவும் வைத்தது வடிவமைப்பின் பிழை என்பேன்.

இத்தனைக்கும் வன்தட்டில் தரவு உடனே மறைவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்புக் கருவியால் தோண்டி எடுக்கலாம். டிசைனைத் தொலைத்தவருக்கு இது வரம். நெசவாளரின் ஆதார் நகலை அழித்துவிட்டதாக நம்பும் அலுவலகத்துக்கோ சங்கடம்; 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. எஸ்எஸ்டியில் மேலெழுதினாலும் பழைய பகுதி எங்கோ மிஞ்சலாம்; அங்கே வட்டு முழுவதையும் முதலிலேயே குறியாக்கம் செய்து, பின்பு சாவியை அழிப்பதே நம்பகமான வழி.

டிசைன்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நிரல் அழிப்பதற்குப் பதில் பெயர்மாற்ற அழைப்பால் ‘பழையவை’ என்ற கோப்புறைக்கு நகர்த்தட்டும். ஒரே வட்டுப் பிரிவுக்குள் என்றால் தரவைப் படியெடுக்கவே வேண்டாம், நொடியில் முடியும். ஒரு பருவம் கழித்து, டிசைனரைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கோப்புறையைக் காலி செய்யலாம்.