யாங்கூனில் ஒரு பழைய ஹினோ

யாங்கூனின் நடுநகரில் நடந்து போகிறவர் கண் பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். சாக்கடையை மூடிய கல் காலடியில் ஆடும். நடைபாதையை டீக்கடைகளின் குட்டை நாற்காலிகள் பிடித்துக்கொண்டிருக்கும். பிரிட்டிஷார் காலத்துக் கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கடைகளின் பெயர்ப்பலகைகள் மறைத்துவிட்டன. கொத்தர்கள் கைவரிசை காட்டியதோ முதல் மாடிக்கு மேலே: வளைவு ஜன்னல்கள், சுதைப் பூவேலை, முகப்பின் நெற்றியில் பொறித்த ஆண்டு. பழைய பேருந்தின் உயரமான இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, பன்சோடான் தெருவில் ஊர்ந்து போகிறவருக்கு இவையெல்லாம் பார்வைக்கு எட்டிவிடும். 1906இல் எழுந்த சோஃபேர் கட்டடத்தையும் சற்றுத் தள்ளியுள்ள உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரத்தையும் பார்க்க இதைவிட வசதியான இடம் தெருவில் இல்லை. புதுப்பித்த பழைய பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டும் வழக்கத்துக்கு என் முதல் ஓட்டு இதற்காகத்தான். பழமை மீதான ஏக்கம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. உயரமும் மெதுவான ஓட்டமும் போதும்.

கோளாறு அந்த ஏக்கத்தில்தான் தொடங்குகிறது. 2010களில் இங்கே சுற்றுலாவுக்கென்று மெருகேற்றப்பட்டவற்றில் மூக்கு நீண்ட ஜப்பானிய ஹினோ டி.இ. வகைப் பேருந்துகள் உண்டு. வெளியே பளபளக்கும் பெயிண்ட், உள்ளே வார்னிஷ் அடித்த மரம். பயணிக்குக் காட்டப்படுவது வெள்ளைக்காரன் கட்டிய ரங்கூன், அதாவது அன்றைய யாங்கூன். ஆனால் இந்த வண்டி அந்த ரங்கூனைக் கண்டதே இல்லை. அன்றைய தெருக்களில் ஓடியது டிராம். அது போரோடு போயிற்று. ஹினோ வந்த வழி வேறு. 1954இல் பர்மாவும் ஜப்பானும் போட்ட ஒப்பந்தப்படி, போர் இழப்பீடாக 20 கோடி டாலர் மதிப்புள்ள பொருளையும் சேவையையும் ஜப்பான் 10 ஆண்டுகளில் தர வேண்டும். அதையொட்டிய தொழில் திட்டங்களில் ஒன்றுதான் ஹினோ கனரக வண்டிகளை உள்ளூரிலேயே பாகம் பொருத்தி உருவாக்குவது. ஊரைக் குண்டு போட்டு இடித்தவர்கள் கொடுத்த ஈடு, அந்த ஊரின் பேருந்தாக ஓடியது.

1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். நாடு கதவைச் சாத்திக்கொண்டது, புது வண்டி வரத்தும் அருகியது. இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். உலகப் போரில் மிஞ்சிய கனடா நாட்டு ராணுவ ஷெவர்லே லாரிகள்கூட, மரக்கூடு கட்டப்பட்டு, இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் ஆள் ஏற்றின. உதிரிபாகம் கிடைக்காத ஊரில் லேத்துப் பட்டறைக்காரர்தான் தொழிற்சாலை. அப்படிப் பிழைத்த வண்டியில் எது அசல், எது மாற்றியது என்று கேட்பதில் பொருளில்லை. அரைநூற்றாண்டு ஒட்டுவேலைதான் அதன் அசல். அந்த ஒட்டுகளைச் சுரண்டி, புத்தம் புதிதாக்கிக் காட்டுவதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பக்கத் தகட்டையாவது தட்டி நிமிர்த்தாமல் விட்டிருக்கலாம்.

கதவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1970 டிசம்பரில் பர்மா ஒரே நாளில் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. சாலை மாறியது, வண்டிகள் மாறவில்லை. இடப்பக்கம் கதவு வைத்த பேருந்துகளில் இறங்குகிறவர் கால் வைப்பது நடுரோட்டில். பின்னாளில் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய பேருந்துகளிலும் இதே தொல்லை. சிலவற்றில் வலப்பக்கத் தகட்டை வெட்டிப் புதுக்கதவு வைத்தார்கள். படிக்கட்டில் தொங்கியபடி, நடுநகரிலுள்ள சூலேக்கு "சூலே, சூலே, சூலே" என்று மூச்சுவிடாமல் கூவி ஆள் சேர்த்த நடத்துநரின் பாதி வேலை, இறங்குகிறவர்களைப் பின்னால் வரும் காரிடமிருந்து காப்பது. 2017 ஜனவரியில் ஒய்.பி.எஸ். என்ற புது ஏற்பாடு வந்து பழைய தடங்களைக் கலைத்தபோது ஊர்க்காரர்கள் பெருமூச்சுதான் விட்டிருப்பார்கள். நெரிசலையும் புழுக்கத்தையும் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இத்தனை கதை சுமந்த வண்டியை வெறும் நாற்காலியாக வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மட்டும் கைநீட்டும் சுற்றுலா, கையிலிருக்கும் சிறந்த காட்சிப்பொருளைக் கோட்டைவிடுகிறது.

தமிழருக்கு இதில் தனிக்கணக்கு உண்டு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த மொகல் தெருவுக்கு இன்று ஷ்வே பொந்தா தெரு என்று பெயர். 1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள்; அதில் ஒரு பங்குதான் சென்னைக்குப் பர்மா பஜாரையும் அத்தோவையும் கொண்டுவந்தது. ஹினோ இந்தத் தெருக்களில் ஓடத் தொடங்கியதும் அவர்கள் வெளியேறியதும் ஏறத்தாழ ஒரே காலம். அனோரதா சாலையிலுள்ள காளி கோயிலின் வண்ணக் கோபுரத்தைப் படம் பிடிக்க நிற்கும் பேருந்தில் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

இன்னொரு குறை, வண்டியின் உடம்பு சம்பந்தப்பட்டது. அகலமான மகா பந்துலாவும் பன்சோடானும் ஸ்ட்ராண்டும் அதற்குப் பொருந்தும். இருபுறமும் கார் நிற்கும் எண்ணிட்ட குறுக்குத் தெருக்களில் அது நுழையாது. அதனால் பயணி காண்பதெல்லாம் நீதிமன்றம், துறைமுக அலுவலகம், தலைமைச் செயலகம் என்று அதிகாரத்தின் முகப்புகளே. குறுக்குத் தெருவில் நாலாம் மாடி பால்கனியிலிருந்து கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியில் கிளிப். பத்திரிகைக்காரர் கீழே கயிற்றை ஆட்ட, மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் இழுத்துக்கொள்வார். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளின் இந்தத் தந்திரத்தைப் பேருந்துப் பயணி பார்க்க வழியில்லை.

சுமார் 46 கி.மீ. சுற்றிவரும் யாங்கூன் சுற்று ரயிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அதிலும் வெளிநாட்டார் ஏறினார்கள். ஆனால் பக்கத்தில் கீரைக்கட்டோடு ஒருவர் சந்தைக்குப் போய்க்கொண்டிருப்பார். சுற்றுலாப் பேருந்தில் எங்கேயாவது போய்ச்சேர வேண்டிய ஆள் எவரும் இல்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் வெளிநாட்டுப் பயணிகளும் அருகிவிட்டார்கள். இந்தச் சுற்றுலாவை இனி ஓட்டுவதானால் ஒரு யோசனை: சூலேயில் சுற்றிக்கொண்டிருக்காமல், அந்த ஹினோ அன்றாடம் ஆள் ஏற்றிய பழைய தடம் ஒன்றில் புறநகர் வரை விடட்டும், உள்ளூர்க்காரரும் உள்ளூர்க் கட்டணத்தில் ஏறட்டும். வழியில் ஒரு பட்டறையில் அரைமணி நேரம் நிறுத்தி, பானட்டைத் தூக்கி, ஓட்டுநரையே பேசவிடட்டும்.